எடைக்கல்லும் செயலியும்

திண்டுக்கல் நாகல் நகரில், ரயில் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு பக்கம் தறிச் சத்தமும் மறு பக்கம் ரயிலின் ஊதலும் கேட்கும் சிறு வீடொன்றின் முன்கட்டில் முப்பத்தெட்டு ஆண்டுகளாக வைத்தியம் செய்து வருகிறேன். இத்தனை காலத்தில் நோயாளிகளிடம் பாராட்டும் வாங்கியிருக்கிறேன், வசவும் வாங்கியிருக்கிறேன். ஆனால் என் தொழிலைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளுள் மிகக் கூரியதைக் கேட்டவர் ஒரு வெங்காய மண்டி வியாபாரிதான் என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. அந்த ஒரு கேள்விக்கு விடை தேடி அலைந்த கதையையே இங்கே எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

சுமார் பத்து ஆண்டுகளுக்கு முன், ஆடிக் காற்று தெருப்புழுதியை அள்ளி வீசிக்கொண்டிருந்த ஒரு மாலையில், அந்த வியாபாரி தம் தாயாரை ஆட்டோவில் அழைத்து வந்தார். அம்மையாருக்கு வயது எழுபது. எடை நாற்பத்தைந்து கிலோ. நெடுநாள் நீரிழிவால் சிறுநீரகம் தளர்ந்து, இரத்தத்தில் கிரியேட்டினின் இரண்டு மில்லிகிராம் என்ற அளவில் நின்றது. அதன் மேல் சிறுநீர்த் தொற்றும் சேர்ந்து, நீர்க்கடுப்பில் துடித்துக்கொண்டிருந்தார். இத்தகைய தொற்றுக்கு நான் வழக்கமாக எழுதும் மருந்து நைட்ரோஃப்யூரன்டாயின். சிறுநீரகம் தளர்ந்தவர்களிடம் அம்மருந்து சிறுநீரில் போதிய அளவு சேராமல் நோயைத் தீர்க்கும் சக்தியை இழப்பதோடு, உடலிலேயே தங்கி நரம்புகளுக்குத் தீங்கும் செய்யக்கூடும் என்ற விதி என் நினைவில் இருந்ததே ஒழிய, எந்த எல்லைக்குக் கீழே அதைத் தவிர்க்க வேண்டும் என்ற எண் அந்தக் கணத்தில் நினைவுக்கு வரவில்லை. கைபேசியை எடுத்து ஒரு செயலியைத் திறந்தேன்.

வியாபாரி சிறிது நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு அவரால் பொறுக்க முடியவில்லை.

"டாக்டரய்யா, ஆத்தா இங்க வலியில துடிக்குது. நீங்க போனை நோண்டிக்கிட்டு இருக்கீங்களே, வாட்ஸ்அப்பா?"

நான் கைபேசியின் முகத்தை அவர் பக்கம் திருப்பி, இன்ன மருந்து, இன்ன சந்தேகம், அதற்காக இன்னதைத் தேடுகிறேன் என்று விளக்கினேன். கோபம் தணிந்துவிட்டது, ஆனால் வியாபார புத்தி விழித்துக்கொண்டது. "சரிங்கய்யா. அது சொல்றது சரின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். உலகமெங்கும் உள்ள டாக்டர்கள் உபயோகிப்பது, பெரிய கம்பெனி தயாரித்தது என்று ஏதோ சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "எங்க மண்டிக்குப் புதுத் தராசு வந்தா, எம்புட்டுப் பெரிய கம்பெனியா இருந்தாலும், மொதல்ல முத்திரை போட்ட கல்லை வச்சுத்தான் பாப்போம். அஞ்சு கிலோக் கல்லு அஞ்சுன்னு காட்டினாத்தான் மூட்டையைத் தூக்கி வைப்போம். நீங்க கல்லு வச்சுப் பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. மருந்தை மாற்றி எழுதி அம்மையாரை அனுப்பிவிட்டேனாயினும், அன்றிரவு உறக்கம் வரவில்லை.

எங்கள் தலைமுறை வைத்தியர்களுக்கு ஞாபகசக்திதான் மூலதனம். எடின்பரோவில் 1952ஆம் ஆண்டு முதற்பதிப்பாக வெளிவந்த டேவிட்சன் பாடநூலை மனப்பாடமாக ஒப்பித்தவனே கெட்டிக்காரன் என்று கருதப்பட்ட காலத்தில் நாங்கள் படித்தோம். நோயாளியின் எதிரே புத்தகத்தைத் திறப்பது அறியாமையைத் தெருவில் நின்று பறைசாற்றுவதற்குச் சமானம் என்று எண்ணியதால், மருந்தளவுகளைச் சிறிய குறிப்பேட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, திரைமறைவில் ஒதுங்கிப் பார்த்துவிட்டு வருவோம். பயிற்சி மருத்துவனாக இருந்தபோது ஒருமுறை என் குறிப்பேட்டில் ஒரு தசமப் புள்ளி வியர்வையில் அழிந்துபோயிருந்ததைக் கவனியாமல், ஒரு குழந்தைக்குக் கொடுக்க வேண்டியதைப்போல் பத்து மடங்கு அளவை எழுதிவிட்டேன். வார்டில் இருந்த மூத்த நர்ஸ் அம்மாள் சீட்டைப் பார்த்துவிட்டு, பிறர் காதில் விழாதபடி, "டாக்டர், இன்னொரு தடவை பாத்துச் சொல்லுங்க" என்று திருப்பிக் கொடுத்தார். அந்தக் குழந்தை பிழைத்தது அந்த அம்மாளின் ஜாக்கிரதையால். ஆகவே, அந்தக் காலத்துக் காகிதம் எல்லாம் நம்பகமானது, இந்தக் காலத்துக் கருவி எல்லாம் மோசம் என்று பேசும் கூட்டத்தில் நான் சேரமாட்டேன். குறிப்பேட்டையும் நான் கல் வைத்துப் பார்க்கவில்லை என்பதே உண்மை.

1990களின் இறுதியில் பாம் பைலட் என்ற உள்ளங்கைக் கருவிக்கென எபோக்ரட்டீஸ் என்ற மருந்துக் குறிப்பு அமெரிக்காவில் வெளிவந்தது. அதைச் சில ஆண்டுகள் கழித்து என் மைத்துனர் அங்கிருந்து கொண்டுவந்து கொடுத்தபோது, ஆயிரம் பக்கப் புத்தகம் சட்டைப்பைக்குள் புகுந்துவிட்ட அதிசயத்தில் மயங்கிப்போனேன். 2008ஆம் ஆண்டு கைபேசிச் செயலிகளுக்கான கடைகள் பிறந்தன. அதன் பின் என் மகனும் அவன் நண்பர்களும் இது உதவும், அது உதவும் என்று ஏற்றி ஏற்றி, ஒரு கட்டத்தில் என் கைபேசியில் நாற்பதுக்கு மேற்பட்ட வைத்தியச் செயலிகள் குடியேறியிருந்தன. அவசரத்துக்கு ஒன்றும் அகப்படாது. சாமான் நிறைந்த பரணில் தீப்பெட்டி தேடுவது போன்ற நிலை.

வியாபாரியின் கேள்விக்குப் பிறகு நான் முதலில் செய்த காரியம், செயலிகளை விட்டுவிட்டு என் அறியாமையைக் கணக்கெடுத்ததுதான். மேசைமேல் ஒரு சீட்டுக் கட்டை வைத்துக்கொண்டு, ஒரு மாத காலம், நோயாளி எதிரே அமர்ந்திருக்கும்போது எனக்கு விடை தெரியாத கேள்வி எழுந்தால் அதை அப்படியே குறித்தேன். மாத முடிவில் அவற்றைப் பிரித்துப் பார்த்தபோது, நான் பயந்ததைப்போல் அவை எல்லையற்றவையாக இல்லை; சிறுநீரகமோ கல்லீரலோ தளர்ந்தவருக்கு மருந்தளவு என்ன, இந்த மருந்தோடு அந்த மருந்து சேருமா, கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் கொடுக்கலாமா, இந்த எடையுள்ள குழந்தைக்கு எத்தனை மில்லி, இதையே விலை குறைவாக எங்கே வாங்கலாம் என்ற ஐந்தாறு வகைகளுக்குள் பெரும்பாலும் அடங்கிவிட்டன. அரிய நோய்களின் பெயர்ப் பட்டியலையும் வண்ணமயமான அறுவைச் சிகிச்சைப் படங்களையும் சுமந்திருந்த செயலிகளில் பாதிக்குமேல் என் கேள்விகள் எதற்கும் உறவில்லாதவை என்பது அந்தச் சீட்டுகளால் தெரிந்தது. செயலியைத் தேடிப் போகுமுன் கேள்வியைக் கையில் எழுதி வைத்துக்கொள்வது உத்தமம் என்பது என் முதல் சித்தாந்தம்.

இரண்டாவது, எடைக்கல் பரீட்சை. விடை எனக்குத் திட்டமாகத் தெரிந்த சில கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு செயலியிடமும் அவற்றையே கேட்டேன். இதில் நான் எதிர்பாராத வேடிக்கைகள் வெளிப்பட்டன.

முதற்கல், மருந்தின் பெயர். நம் ஊரில் பாராசிட்டமால் என்பதை அமெரிக்கர் அசிட்டமினோஃபென் என்பர். நம் சால்ப்யூட்டமால் அங்கே ஆல்ப்யூட்டரால். நம் ரிஃபாம்பிசின் அங்கே ரிஃபாம்பின். நாகல் நகரில் பாதி நீரிழிவு நோயாளிகள் ஒரு காலத்தில் விழுங்கிய கிளிபென்கிளமைடு அங்கே கிளைபுரைடு. அமெரிக்கப் பெயரில் மட்டும் தேடத் தெரிந்த செயலி, கிளிபென்கிளமைடு என்று கேட்டால் அப்படி ஒரு மருந்தே உலகில் இல்லை என்பதுபோல் வெறுமையைக் காட்டும். வயதான நோயாளியின் சர்க்கரையை அபாயகரமாக இறக்கிவிடக்கூடிய மருந்தைப் பற்றி மௌனம் சாதிக்கும் அந்தச் செயலி, தவறாகச் சொல்வதைவிடக் குறைந்த தீங்கு செய்வதாக எனக்குத் தோன்றவில்லை. நம் நோயாளி கொண்டுவரும் மாத்திரை அட்டையில் கம்பெனி வைத்த வணிகப் பெயரே பெரிதாக இருக்கும்; ஒரே ஒலியுடைய பெயர்கள் முற்றிலும் வேறான மருந்துகளுக்கு வழங்குவதும் நம் நாட்டில் உண்டு. வணிகப் பெயரிலிருந்து மூலப்பெயருக்கும், மூலப்பெயரிலிருந்து இங்கே கிடைக்கும் மாத்திரையின் அளவுக்கும் வழிகாட்டாத மருந்துக் குறிப்பு, எத்தனை விருது பெற்றதானாலும், நாகல் நகர் வைத்தியனுக்குப் பிரயோஜனமில்லை.

இரண்டாம் கல், அலகு. அந்த மண்டி அம்மையாரையே எடைக்கல்லாக வைத்துக்கொண்டேன். மான்ட்ரியல் நகரத்து ஆராய்ச்சியாளர்களான காக்கிராஃப்ட், கால்ட் என்பவர்கள் 249 நோயாளிகளைக் கொண்டு வகுத்து 1976ஆம் ஆண்டு வெளியிட்ட சூத்திரம் ஒன்று உண்டு. நூற்று நாற்பதிலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியேட்டினினை எழுபத்திரண்டால் பெருக்கிய தொகையால் வகுத்து, பெண்ணானால் 0.85ஆல் பெருக்க வேண்டும். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் கையால் கணக்கிட்டேன்: நிமிடத்துக்கு 18.6 மில்லி. நல்ல செயலிகள் அதே எண்ணைச் சொல்லின. ஒரு செயலி மட்டும் 1,600க்கு மேல் சொல்லிற்று! ஆரோக்கியமான வாலிபனின் சிறுநீரகமே நிமிடத்துக்கு நூற்றுச் சொச்சம் மில்லிதான் வடிகட்டும் என்ற உலகறிந்த செய்தி அதற்குத் தெரியவில்லை. காரணம் தேடியபோது விளங்கிற்று: நாம் மில்லிகிராமில் சொல்லும் கிரியேட்டினினைச் சில நாடுகளில் மைக்ரோமோல் என்ற அலகில் சொல்வார்கள், நம் எண்ணைப்போல் அந்த எண் 88.4 மடங்கு. நான் இட்ட இரண்டை அது தன் அலகில் இரண்டாக எடுத்துக்கொண்டு, உயிரோடிருக்கும் மனிதருக்கு நேரவே முடியாத விடையைக் கூச்சமின்றி எழுதிக் காட்டியது. அன்றே அதை வெளியேற்றினேன். "இந்த எண் சரியா, மறுபடி பாருங்கள்" என்று ஒரு வார்த்தை கேட்கத் தெரிந்த செயலியே, அன்றைய என் நர்ஸ் அம்மாளின் ஸ்தானத்துக்கு அருகில் வரக்கூடியது.

இது எங்கோ ஒன்றில் நேர்ந்த விபத்து என்று எண்ணியிருந்தேன். லண்டன் ஆராய்ச்சியாளர்கள், நீரிழிவு நோயாளிகளுக்கு இன்சுலின் அளவைக் கணக்கிட்டுச் சொல்லும் 46 செயலிகளைச் சோதித்து 2015ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையைப் படித்த பிறகு அந்த எண்ணம் போயிற்று. பத்தில் ஒன்பது செயலிகள், இடப்பட்ட எண் சாத்தியமானதுதானா என்று பார்க்கவே இல்லை. மூன்றில் இரண்டு பங்கு தவறான அளவைச் சொல்லிவிடக்கூடியவை. குறையே காணப்படாதது ஒன்றே ஒன்று.

அலகுக் குழப்பம் நோயாளியின் வீட்டுக்குள்ளும் நுழையும். எங்கள் தெருவில் ஒரு முதியவர், லண்டனிலிருந்து மகள் அனுப்பிய சர்க்கரைமானியையும் அதோடு இணைந்த செயலியையும் வைத்துக்கொண்டு, தம் சர்க்கரை ஏழு என்று கண்டு, இனி உயிர் தங்காது என்ற முடிவுக்கு வந்து, கை நிறையச் சீனியை வாயில் போட்டுக்கொண்டு என்னிடம் ஓடி வந்தார். அங்கே மில்லிமோல் கணக்கில் ஏழு என்பது நம் கணக்கில் 126. பதினெட்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும். பயம் தீர்ந்து சிரித்தார். ஆயினும் அன்று அவர் சர்க்கரை உண்மையாகவே ஏறியிருந்தது.

மூன்றாம் கல், தேதி. வைத்திய சாஸ்திரம் ஊறுகாய் அன்று, வைக்க வைக்கச் சுவை கூடுவதற்கு. சிறுநீரகச் செயல்திறனைக் கணக்கிடும் வேறொரு பிரபல சூத்திரத்தில் நோயாளியின் இனத்தைக் கேட்கும் பகுதி நெடுநாள் இருந்தது. 2021ஆம் ஆண்டு அதை நீக்கிச் சூத்திரத்தையே திருத்தினார்கள். அதன் பிறகும் பழைய வடிவிலேயே கணக்கிடும் செயலியானால், அதைச் செய்தவர்கள் கடையைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள் என்று அறியலாம். எந்த நூலை ஆதாரமாகக் கொண்டது, எப்போது திருத்தப்பட்டது, எழுதிய வைத்தியர்கள் யார் என்பதைச் சொல்லாத செயலியை, கையெழுத்தில்லாத மருந்துச் சீட்டைப்போலவே நடத்துகிறேன். கூடவே, அதன் செலவை ஏற்பவர் யார் என்றும் பார்க்கிறேன். இலவசமாகக் கிடைப்பவற்றுள் சில, மருந்துக் கம்பெனிகளின் விளம்பரத்தால் நடப்பவை. அதனாலேயே அவை பொய்யாகிவிடா. எனினும், பேனாவும் டயரியும் கொண்டுவரும் விற்பனைப் பிரதிநிதியின் பேச்சை எத்தனை பங்கு எடுத்துக்கொள்வோமோ, அந்த விளம்பரப் பகுதியையும் அத்தனை பங்கே எடுத்துக்கொள்ள வேண்டும். நான்காவதாக, சிறுமலைக்கு முகாம் போகும்போது அதைத் திறந்து பார்க்கிறேன். கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே சிக்னல் அறுந்துவிடும் இடத்தில் வாய் மூடிக்கொள்ளும் செயலி, மிகவும் தேவையான சமயத்தில் லீவு போடும் கம்பவுண்டருக்குச் சமம்.

மண்டித் தராசுக்கு ஆண்டுதோறும் அரசாங்க முத்திரை உண்டு. செயலிக்கு? நோயைக் கண்டறியவும் சிகிச்சை செய்யவும் என்று ஏற்படுத்தப்படும் மென்பொருளையும் மருத்துவ உபகரணங்களின் சட்டத்துக்குள் கொண்டுவரும் அறிவிப்பை மத்திய அரசு 2020ஆம் ஆண்டு வெளியிட்டது. நல்ல ஆரம்பம், ஆனால் கைபேசிக் கடையில் குவிந்து கிடக்கும் சரக்கு முழுவதையும் முத்திரைக்காரர் வந்து பார்ப்பார் என்று காத்திருப்பதற்கில்லை.

காத்திருந்தால் என்ன நேரும் என்பதை ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் மூலம் கண்டேன். மண்டையிடியோடு வந்தவருக்கு இரத்த அழுத்தம் பார்த்தேன். மேல் எண் நூற்றுத் தொண்ணூறு. மாத்திரையை நிறுத்தி மூன்று மாதமாயிற்று என்றார். ஏன் என்று கேட்டதற்கு, கைபேசிக் கண்ணாடியின்மேல் விரலை வைத்தால் அழுத்தத்தைச் சொல்லும் செயலி ஒன்றை எடுத்துக் காட்டினார். தினமும் அது நூற்று இருபத்தைந்து என்றே சொல்லி வந்ததாம். அவருக்குத் தெரியாமல் என் விரலை வைத்தேன். ஏறக்குறைய அதே எண். அவருடைய செயலி வேறாயினும், அதே ஜாதியைச் சேர்ந்த 'இன்ஸ்டன்ட் பிளட் பிரஷர்' என்பது அமெரிக்காவில் வெளிவந்து, லட்சத்துக்கு மேற்பட்டோர் வாங்கியது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆராய்ச்சியாளர்கள் அதைப் பரிசோதித்து 2016ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டபோது, உயர் அழுத்தமுள்ளவர்களில் நாலில் மூன்று பங்குக்கு மேற்பட்டோருக்கு அது குறைத்துச் சொல்லிப் பொய்யான நிம்மதி தந்தது வெளியாயிற்று. புயத்தில் பட்டை கட்டாமல் அழுத்தம் சொல்வதாகக் கூறும் எந்தக் கைபேசிச் செயலியையும் நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று அன்றே என் முன்கட்டில் எழுதி மாட்டினேன்.

இத்தனை குறை சொன்னவன் நிறையும் சொல்ல வேண்டும். செயலி என்பது எப்படிப் பிறக்க வேண்டும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஓர் உத்தம உதாரணம் இருக்கிறது. தோல் பதனிடும் பேகம்பூரிலும் தறிப்பஞ்சு பறக்கும் எங்கள் தெருக்களிலும் காசநோய் எனக்குப் பழைய விரோதி. மருந்து இலவசமாகக் கிடைத்தும், மருந்து தொடங்கிய சில வாரங்களுக்குள்ளேயே சிலர் இறந்துபோவது என்னைப் போன்றவர்களை நெடுநாள் வருத்திய விஷயம். 2022ஆம் ஆண்டு தமிழக அரசும் சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனமும் சேர்ந்து 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' என்ற ஒன்றைத் தொடங்கின. அதன் மூலாதாரம் எந்தக் கிராமச் செவிலியரும் சில நிமிடங்களில் செய்து முடிக்கக்கூடிய சோதனைகள்: உயரத்துக்கு எடை ஏற்றதா, காலில் வீக்கம் உண்டா, மூச்சு நிமிடத்துக்கு 24ஐத் தாண்டுகிறதா, இரத்தத்தில் பிராணவாயு 94 சதவிகிதத்துக்குக் கீழே இறங்கியிருக்கிறதா, பிடிமானமில்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா. மிகவும் நலிந்தவர் என்று இவற்றால் தெரிந்தவரை வீட்டுக்கு அனுப்பாமல் மருத்துவமனையில் சேர்த்து, உணவும் மருந்தும் கவனமாகக் கொடுக்க வேண்டும்.

இந்தத் திட்டத்தின் அடிப்படை ஒரு காகித அட்டைதான். அதோடு சேர்ந்த செயலி, அட்டையில் எழுதிய எண்களை வாங்கி, யார் கடுமையாக நலிந்தவர், அவர் எத்தனை நாளில் சேர்க்கப்பட்டார் என்று மேலதிகாரிகளுக்கும் தெரியும்படி செய்தது. இறப்பு நேரும் வாய்ப்பைக் கணித்துச் சொல்லும் பகுதி, ஆயிரக்கணக்கான நோயாளிகளின் விவரம் சேர்ந்த பிறகே, 2025ஆம் ஆண்டு அதில் இணைந்தது. கட்டிலருகே நின்று சிந்தித்தவர்கள் முதலில் அட்டை எழுதினார்கள். அட்டை பழகிய பிறகு கணிக்கும் கருவி வந்தது. மின்சாரம் போனாலும் அட்டை வேலை செய்யும். எந்தச் செயலியைக் கண்டாலும் இப்போது நான் என்னையே கேட்டுக்கொள்வது, இதை ஒரு தாளில் எழுதினால் எஞ்சுவது என்ன என்பதுதான். சென்னை டாக்டர் மோகன் குழுவினர் 2005ஆம் ஆண்டு வகுத்த இந்திய நீரிழிவு அபாயக் கணக்கும் இவ்விதமானதே. வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, குடும்ப வரலாறு ஆகிய நான்குக்கும் புள்ளியிட்டு அறுபதும் அதற்கு மேலும் வந்தால் அபாயம் மிகுதி. இடுப்பைச் சுற்ற ஒரு டேப்பும் மனக்கணக்கும் போதும்.

எங்கள் மதுரைப் பக்கமே பங்கெடுத்த இன்னொரு காரியத்தையும் சொல்ல வேண்டும். விழித்திரைப் படத்தைப் பார்த்து நீரிழிவால் வந்த கேட்டை இனங்காணும் கணினி முறையைக் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் 2016ஆம் ஆண்டு வெளியிட்டபோது, அதைப் பயிற்றுவித்த படங்களுள் அரவிந்த் கண் மருத்துவமனையின் படங்களும் இருந்தன. பின்னர் அரவிந்திலும் சங்கர நேத்ராலயாவிலும் நேரில் வந்த நோயாளிகளிடம் சோதித்து 2019ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். நம் ஜனங்களின் கண்ணைப் பார்த்துப் பழகிய கருவியிடம் நம் ஜனங்களை ஒப்படைப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. யாரிடம் சோதிக்கப்பட்டது என்று சொல்லாத கருவியிடம் அந்த நியாயம் இல்லை.

இனி மாணவர்கள். 2022ஆம் ஆண்டு ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்துவைக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளுள் திண்டுக்கல் கல்லூரியும் ஒன்று. அதன் பின் மாலை வேளைகளில் இரண்டொரு பிள்ளைகள் என் முன்கட்டில் வந்து அமர்வது வழக்கமாயிற்று. அவர்கள் கைபேசியில் உடற்கூறு முழுவதும் வர்ணத்தில் சுழல்கிறது. இதயத்தின் முணுமுணுப்பு ஒவ்வொன்றும் ஒலியாகக் கிடைக்கிறது. நாங்கள் ஃபார்மலின் நெடியில் கண்ணீர் விட்டுக் கற்றதை அவர்கள் படுக்கையில் கிடந்தபடி கற்பது எனக்குப் பொறாமை தருகிறது. ஆனால் ஒருநாள் ஒரு கெட்டிக்காரப் பையனிடம், முணுமுணுப்புள்ள ஒரு நெசவாளியைக் காட்டி, இதயத் துடிப்பு எந்த இடத்தில் தெரிகிறது என்று கையை வைத்துச் சொல்லச் சொன்னேன். கை எங்கெங்கோ அலைந்தது. "சார், ஆப்புல எல்லாருக்கும் ஒரே இடத்துல இருக்கும்" என்றான். பொய் சொல்லாத பிள்ளை, நல்ல வைத்தியனாவான்.

மாணவர்களுக்கு நான் சொல்வது மூன்றே. மறப்பது மனித இயல்பு என்பதை எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1885ஆம் ஆண்டிலேயே தம்மைத் தாமே சோதித்து எழுதியிருக்கிறார். மறக்கும் தறுவாயில் மீண்டும் கேட்பது நினைவை உறுதிப்படுத்தும். ஆங்க்கி போன்ற அட்டைச் செயலிகள் இந்தத் தத்துவத்தின்மேல் கட்டப்பட்டவை. அவற்றைப் பிறர் எழுதிய அட்டைகளால் நிரப்பாமல், அன்று பார்த்த நோயாளியிடமிருந்து தானே எழுதிய அட்டைகளால் நிரப்புக. இரண்டாவது, பரீட்சைக்காக நூறாயிரம் வினாக்களை விற்கும் செயலிகள் தேர்வில் வெல்ல உதவும். அவற்றில் நோயாளி எப்போதும் நான்கு விடைகளோடு வருவார், என் முன்கட்டில் ஒரு விடையும் இல்லாமல் வருவார். மூன்றாவது, நோய் இன்னது என்று உன் ஊகத்தைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்ட பிறகே செயலியைத் திற. முன்னால் திறந்தவனுக்கு அது சொன்னதெல்லாம் தான் நினைத்ததாகவே தோன்றும்.

நோயாளிகளுக்கு எது நல்ல செயலி என்று கேட்பவர்கள் மிகுதி. என் விடை அவர்களை ஏமாற்றிவிடுகிறது. வீட்டில் சௌராஷ்டிரமும் வெளியில் தமிழும் பேசும் ஒரு நெசவாளர் குடும்பத்து அம்மாள், பதினைந்து ஆண்டு நீரிழிவுக்காரர். மருமகன் ஆசையாக ஓர் ஆங்கிலச் செயலியை ஏற்றிக் கொடுத்தார். அவர் உண்ணும் வெண்பொங்கலும் புளியோதரையும் அதன் பட்டியலில் இல்லை. ஒரு வாரத்தில் கைவிட்டார். அதன் பின் அந்த அம்மாள் தாமாகவே ஒரு முறை கண்டுபிடித்துக்கொண்டார். மாத்திரை வேளைக்குக் கைபேசியில் அலாரம். ஒவ்வொரு மருந்துச் சீட்டையும் சோதனைத் தாளையும் ஒரு புகைப்படம். சர்க்கரை அளவைத் தமிழில் பேசிப் பதிந்து மகளுக்கு ஒரு ஒலிச் செய்தி. "எனக்கு இது போதும் டாக்டர் சார்" என்றார். என்னிடம் வரும் நோயாளிகளுள் பழைய சீட்டு ஒன்றைக்கூடத் தொலைக்காதவர் அவர் ஒருவரே.

மொழி இங்கே பிரதானம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாய்க்கு வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மேலை வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, உடற்கூறு நூலையும் இரண சிகிச்சை நூலையும் தமிழாக்கினார். கைபேசி யுகத்தில் நம் நோயாளி தன் மாத்திரையின் பெயரைத் தமிழ் எழுத்தில் தேட முடியாமலிருப்பது நமக்குப் பெருமையாகாது. கேட்பவர்களுக்கு இன்று நான் சொல்பவை சில உண்டு. மக்கள் மருந்தகங்களில் கிடைக்கும் மருந்தையும் விலையையும் காட்டும் 'ஜன் ஔஷதி சுகம்'. அரசு நிர்ணயித்த உச்சவிலையைக் காட்டும் 'ஃபார்மா சஹி தாம்'. நேரில் வர இயலாதவர் அரசு மருத்துவரோடு பேச, பெருந்தொற்றுக் காலமான 2020இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட 'இ-சஞ்சீவனி'. வேறு எதை ஏற்றினாலும், அது கேட்கும் அனுமதிகளைப் படித்துப் பாருங்கள். மாதவிலக்குத் தேதியைக் குறிக்கும் செயலிக்கு உங்கள் தொலைபேசிப் பட்டியல் எதற்கு? திண்டுக்கல்லில் பூட்டு வாங்குபவர் சாவி எத்தனை என்று எண்ணி வாங்குவார். உடம்பின் ரகசியத்துக்குச் சாவி எத்தனை பேரிடம் போகிறது என்று எண்ணாமல் இருக்கலாமா?

வைத்திய நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நோயாளியின் எதிரே செயலியைத் திறப்பதில் அவமானமில்லை. திரையை உங்கள் பக்கமே வைத்துக்கொள்வதுதான் சந்தேகத்தை வளர்க்கிறது. அவர் பக்கம் திருப்பிக் காட்டுங்கள். நோயாளிகளுக்கும் ஒரு வார்த்தை. டாக்டர் கைபேசியைப் பார்த்தால், அவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று தெருவில் சொல்லாதீர்கள்; எதைத் தேடினீர்கள் என்று அவரிடமே கேளுங்கள். எந்த மருந்து ஒவ்வாமல் போனாலும் அட்டையோடு வந்து சொல்லுங்கள். 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நீங்களே தெரிவிக்கவும் வழி இருக்கிறது.

அந்த மண்டி அம்மையார் பின்னும் ஆறு ஆண்டுகள் இருந்தார். ஒவ்வொரு முறை அழைத்து வரும்போதும் மகன் சிரித்துக்கொண்டே, "கல்லு வச்சுப் பாத்தாச்சுங்களா?" என்று கேட்பார். பார்த்தாயிற்று என்று நான் சத்தியமாகச் சொல்லக்கூடிய செயலிகள் இன்று என் கைபேசியில் ஆறு: ஒரு மருந்துக் குறிப்பு, ஒரு கணக்குச் செயலி, கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்குமான ஒரு குறிப்பு, மலிவு மருந்துப் பட்டியல், காசநோயைப் பதிவு செய்யும் 'நிக்‌ஷய்', மருந்துத் தீங்கைத் தெரிவிக்கும் ஒன்று. மாதப் பிறப்பில் அந்தப் பழைய தாளை எடுத்து, கேள்விகளை மறுபடி கேட்கிறேன்.